நூலகத்தில் இருபத்தைந்து கதிரைகள்

அந்தக் குளிர்காலம் முழுவதும், யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஹீற்றரையும் போடுவது எந்த ஊர் நியாயம் என்று என்னிடம் கேட்காத தாய் இல்லை. அந்தச் சட்டத்தைப் போட்டது நான் இல்லை. ஆனால் பள்ளிக்கூட அலுவலகத்தின் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவள் நான் என்பதால் ஏச்சு எனக்குத்தான் வந்தது. "அன்ரி, பிள்ளைக்குப் பனி பிடிக்கப்போகுது, அந்த ஒரு யன்னலையாவது சாத்தச் சொல்லுங்கோவன்" என்று காலையில் ஒருத்தி கெஞ்சுவாள். "மேடம், கிளாஸ்ல அந்த ஏர் மெஷின் ஓடுதான்னு ஒரு தடவை பாத்துட்டுச் சொல்றீங்களா?" என்று பின்னேரம் ஒருவர் குடைவார். முதலாமவள் இலங்கையில் எங்கள் ஊர்ப் பக்கம், இரண்டாமவர் தமிழ்நாட்டுக்காரர். இரண்டு பேருக்கும் என்னிடம் இருந்தது ஒரே பதில்தான். திட்டத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

திட்டம் என்று நான் சொல்வது, மெல்பேர்னின் தென்கிழக்கில், கிரான்பர்ன் பக்கம் இருக்கும் எங்கள் ஆரம்பப் பாடசாலையின் குளிர்காலத் திட்டத்தை. அதை ஒன்பது பக்கத்தில் தட்டச்சுச் செய்தவள் நான். எந்த யன்னல் எத்தனை அங்குலம் திறந்திருக்க வேண்டும், மழை நாளில் எந்த வகுப்பு எங்கே சாப்பிட வேண்டும், சீருடைக்கு மேல் எந்த நிற ஜக்கெற் போடலாம், பரிசோதனைப் பெட்டிகளை விடுமுறைக்கு முன் எப்படிப் பங்கிட வேண்டும் எல்லாம் அதில் இருந்தன. கொரோனா ஊரடங்குகள் முடிந்துவிட்டன, ஆனால் நோய் முடியவில்லை. பிள்ளைகள் மடியில் போர்வையைப் போட்டுக்கொண்டு கணக்குச் செய்தார்கள். பதினொரு வருடம் அந்த அலுவலகத்தில் இருந்துவிட்டேன். அப்படி ஒரு கூத்தை அதற்கு முன் பார்த்ததில்லை.

யூன் மாதம் பிறந்ததும் ஆசிரியர்கள் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். ஒருநாள் காலை ஏழு மணிக்குள் ஆறு பேர் வரமுடியாது என்று செய்தி அனுப்பினார்கள். பதிலுக்கு ஆள் தரும் இடத்துக்குத் தொலைபேசி எடுத்தால் அங்கேயும் ஆள் இல்லை. கடைசியில் அதிபரும் துணை அதிபரும் நானும் அறைக்குள், யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, கோட்டோடு இருந்து பேசினோம். விடுமுறை தொடங்க முன் வரும் கடைசி மூன்று நாளும், புதன், வியாழன், வெள்ளி, பிள்ளைகள் வீட்டிலிருந்து கணினியில் படிக்கட்டும் என்று முடிவாயிற்று. தாயும் தகப்பனும் வெளியே வேலைக்குப் போயே ஆகவேண்டிய வீட்டுப் பிள்ளைகளை மட்டும் நூலகத்தில் வைத்துப் பார்க்கலாம். கணினி வகுப்பு எடுப்பவர்கள் போக இரண்டு ஆசிரியர்தான் மிஞ்சியிருந்தார்கள், ஆகவே இருபத்தைந்து இடம். கதிரைகளை நானே எண்ணி, தள்ளித் தள்ளிப் போட்டேன்.

இடம் வேண்டுமா, வேண்டாமா என்று பெற்றோரின் கைத்தொலைபேசிக்கு ஒரு படிவம் போனது. முந்திய வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் அதை நிரப்பி அனுப்ப வேண்டும். வெள்ளைக்காரர் நிரப்பினார்கள். எங்கள் ஆட்கள் என்னைக் கூப்பிட்டார்கள். "அன்ரி, நீங்களே போட்டு விடுங்கோ, எனக்கு அந்த அப்ஸ் ஒண்டும் விளங்குதில்லை." விளங்கும், எல்லோருக்கும் நன்றாக விளங்கும். படிவத்தில் போடுவதைவிட ஆளிடம் சொல்வதுதான் எங்களுக்கு நம்பிக்கை. எனக்கும் அது உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் இருந்த எல்லாத் தமிழ்க் குடும்பத்தின் பெயருக்கு எதிரேயும் என் கையால்தான் ஆம் அல்லது இல்லை என்று விழுந்தது.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்களில் யாரையும் ஒருதரம் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வோம். வீட்டுக்கு வந்தவரிடம் தேத்தண்ணி போடட்டுமா என்றால் வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வந்தனான் என்பார். திரும்பவும் கேட்க வேண்டும். அப்போதும் உங்களுக்கேன் கரைச்சல் என்பார். மூன்றாம் தரம் கேட்பதற்கே அவசியம் இல்லை, குசினிக்குள் போய்க் கேத்திலை வைக்க வேண்டியதுதான். துணை அதிபர் ஒருமுறை என்னிடம் முறைப்பட்டார். மழைக்குள் நடந்து போன ஒரு தமிழ்த் தாயிடம் காரில் ஏறுகிறீர்களா என்று கேட்டாராம், அவள் சிரித்துக்கொண்டு வேண்டாம் என்றுவிட்டு நனைந்துகொண்டு போனாளாம். நீங்கள் மூன்று தரம் கேட்டிருக்க வேண்டும் என்று நான் பெரிய பண்டிதர் மாதிரி அவருக்கு வகுப்பு எடுத்தேன்.

நான் சொல்ல வந்த குடும்பம் மன்னார்ப் பக்கம். தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நாலு வருடமாகப் பார்த்துப் பழக்கம். தாய்க்கு என் மகளின் வயதிருக்கும். முதியோர் இல்லத்தில் வேலை, ஆறரைக்குள் நிற்க வேண்டும். கணவன் கோழித் தொழிற்சாலையில், விடிய நாலு மணிக்கே போய்விடுவான். மூத்தவள் ஐந்தாம் வகுப்பு, சின்னவன் முதலாம் வகுப்பு. வீசா இன்னும் தற்காலிகமானதுதான், இத்தனை வருடமாக ஒரு முடிவும் இல்லை. தபால்காரனைக் கண்டாலே நெஞ்சு இடிக்கும் அன்ரி என்று ஒருநாள் சொன்னாள். சாதாரண நாட்களில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் திறக்க முன்னும் மூடிய பின்னும் பார்த்துக்கொள்ளும் நிலையத்தில் விடுவாள். அந்த மூன்று நாளும் அதுவும் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அந்த வெள்ளிக்கிழமை மூன்றே முக்காலுக்கு நானே அவளுக்கு எடுத்தேன். அவள் படிவத்தையும் நிரப்பவில்லை, என்னையும் கூப்பிடவில்லை.

"பிள்ளை, அடுத்த கிழமை அந்த மூண்டு நாளும் உங்கட ஆக்களுக்கு இங்க இடம் வேணுமோ?"

"இல்லை அன்ரி. பரவாயில்லை. நாங்க எப்பிடியும் பாத்துக்கொள்ளுவம்."

"சரி பிள்ளை. வைக்கிறன்."

அவ்வளவுதான் பேச்சு. அட்டவணையில் இரண்டு பெயருக்கும் எதிரே "இடம் கொடுக்கப்பட்டது, பெற்றோர் மறுத்தார்" என்று போட்டு, நேரத்தையும் என் முதலெழுத்தையும் போட்டேன்.

ஏன் இரண்டாம் தரம் கேட்கவில்லை? மற்றத் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. காய்ச்சலோடு ஒரு பிள்ளை என் பக்கத்தில் வாளியோடு இருந்தது. இதெல்லாம் உண்மை. ஆனால் முழு உண்மை அது இல்லை. இருபத்தைந்தில் இருபத்துமூன்று நிரம்பிவிட்டது. இன்னும் நாலு குடும்பம் பதில் சொல்லவில்லை, அதில் சண்டைக்கு வரக்கூடிய ஆட்களும் இருந்தார்கள். அவள் வேண்டாம் என்றது எனக்கு வசதியாக இருந்தது. யார் வீட்டுக்கு வந்தாலும் மூன்று தரம் கேட்கிற நான், அவளிடம் மட்டும் படிவம் மாதிரி ஒருதரம் கேட்டேன். அந்த இரண்டு இடமும் அன்று மாலையே போய்விட்டன.

புதன்கிழமை தெற்கிலிருந்து காற்று அடித்தது. வியாழன் அதைவிட மோசம், இடைக்கிடை ஆலங்கட்டியும் விழுந்தது. நூலகத்தில் பிள்ளைகள் தொப்பியோடு இருந்து படம் கீறினார்கள். பதினொன்றே காலுக்கு ஐந்தாம் வகுப்பு ரீச்சர் மடிக்கணினியைக் கையில் ஏந்தியபடி அலுவலகத்துக்குள் ஓடிவந்தார். திரையில் ஒரு வெறும் கதிரை தெரிந்தது. அதற்குப் பின்னால் புகை அலாரம் கத்துகிற சத்தம்.

அந்த மூத்தவளின் கதிரை. இரண்டு நாளும் அவள் ஜக்கெற்றின் தொப்பியைப் போட்டுக்கொண்டு, தம்பியைப் போர்வையால் சுற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வகுப்பில் இருந்தாளாம். அம்மா எங்கே என்று ரீச்சர் கேட்டதற்கு, இரவு வேலை முடிந்து தூங்குகிறார் என்றாளாம். நான் தாயின் கைத்தொலைபேசிக்கு எடுத்தேன். முதியோர் இல்லத்தில் வேலை நேரத்தில் கைத்தொலைபேசியைப் பெட்டிக்குள் பூட்டிவிடுவார்கள். கணவனும் எடுக்கவில்லை. அவர்கள் வீடு எனக்குத் தெரியும், காரில் ஐந்தாறு நிமிடம். துணை அதிபரை ஏற்றிக்கொண்டு போனேன். போகிற வழியில் ஒரு வார்த்தை செபம்கூட எனக்கு ஒழுங்காக வரவில்லை.

பிள்ளைகள் இரண்டும் முன் புல்தரையில் நின்றன. காலில் செருப்பு இல்லை, சொக்ஸ் மட்டும். மழை தூறிக்கொண்டிருந்தது. மூத்தவள் தம்பியைத் தன் ஜக்கெற்றுக்குள் இழுத்து வைத்திருந்தாள். அவனுக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. ரோஸ்ரரில் பாண் சிக்கிக் கருகியிருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை. அலாரம் அடித்ததும், பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு தவணையும் நாங்கள் பழக்குவது போலவே, எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்து புல்லில் நின்றிருக்கிறாள். கதவு தன்பாட்டில் பூட்டிக்கொண்டுவிட்டது. அயலிலும் ஆள் இல்லை.

"எல்லோரும் வெளியே வந்துவிட்டோம், நான் எண்ணிப் பார்த்தேன்" என்று ஆங்கிலத்தில் துணை அதிபருக்குச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, தமிழில் கேட்டாள்.

"அன்ரி, அம்மாக்குச் சொல்லப்போறீங்களா? ஹீற்றரையும் அடுப்பையும் தொடவேண்டாம் எண்டு அம்மா சொன்னவ. ரோஸ்ரரைச் சொல்லேல்லை."

நான் அவளைக் கட்டிப்பிடித்தேன். தூரம் விட்டு நிற்க வேண்டும், மாஸ்க் போட வேண்டும் என்று ஒன்பது பக்கத்தில் தட்டச்சுச் செய்தவள் நான்தான்.

பிள்ளைகளுக்குக் காய்ந்த சொக்ஸ் போட்டு, பால் சுடவைத்துக் கொடுத்து, நூலகத்தில் இருத்தினோம். இடம் இல்லை என்ற நூலகத்தில் இரண்டு கதிரை போடுவதற்கு ஒரு நிமிடம்தான் ஆனது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததில் யாரையும் குறை சொல்ல முடியாது. சின்னப் பிள்ளைகள் தனியே விடப்பட்டதைக் கண்டால் பிள்ளைகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும், அது சட்டம். ரீச்சர் அழுதுகொண்டே அறிவித்தார். துணை அதிபர் என்னிடம் கேட்டார், அவர்களுக்கு இடம் தருவதாகச் சொன்னோமா? நான் அட்டவணையைத் திறந்து காட்டினேன். கொடுக்கப்பட்டது, பெற்றோர் மறுத்தார். நேரமும் முதலெழுத்தும் இருந்தன. நல்ல வேளை, எல்லாம் ஒழுங்காகப் பதிந்திருக்கிறீர்கள் என்று அவர் பெருமூச்சு விட்டார். அந்த ஒரு வரி பள்ளிக்கூடத்தையும் என்னையும் காப்பாற்றியது. அதே வரி அவளை, கொடுத்த உதவியை உதறிவிட்டுப் பிள்ளைகளைக் குளிர் வீட்டில் பூட்டிவிட்டுப் போன தாயாக்கியது.

மூன்றரைக்கு, வேலை முடிந்து எங்கள் செய்தியைக் கண்டு, அவள் வந்தாள். முதியோர் இல்லச் சீருடை, அதற்கு மேல் கணவனின் பெரிய கோட். மாஸ்க்கின் அடையாளம் கன்னத்தில் சிவப்பாக இருந்தது. பிள்ளைகளைப் பார்க்க ஓடுவாள் என்று நினைத்தேன். முதலில் என் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி. உங்கள் எல்லாருக்கும் பெரிய கரைச்சல் குடுத்திட்டம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குற்றம் செய்தவளுக்குக் கோபம் வருவது எவ்வளவு சுகம் என்று அன்றுதான் தெரிந்தது.

"உமக்கு விசரா? ஏன் அண்டைக்கு வேணும் எண்டு சொல்லேல்லை? நான் கேட்டனானெல்லோ?"

கோபமாகச் சொல்லவில்லை, விளக்கம் சொல்வது போலத்தான் சொன்னாள்.

"ஓம் அன்ரி, கேட்டனீங்கள். ஒருக்காத்தானே கேட்டனீங்கள். இடம் இல்லைப்போல, முறைக்குக் கேக்கிறீங்கள் எண்டு விளங்கிச்சு. பிறகு எப்பிடி நான் வேணும் எண்டு சொல்லுறது?"

அவள் சரியாகத்தான் விளங்கிக்கொண்டிருந்தாள். என் குரலில் இருந்ததை, நான் எனக்கே ஒப்புக்கொள்ளாததை, அவள் தொலைபேசியிலேயே கண்டுபிடித்துவிட்டாள். நூலகத்தைக் கையால் காட்டினேன்.

விடுமுறை இரண்டு கிழமை. நான் சிட்னியில் வெஸ்ட்மீட்டில் இருக்கும் மகளிடம் போனேன். அவள் மருத்துவமனையில் வேலை. குளிரும் நோயும் அங்கேயும் குறைவில்லை, விடுமுறை என்று பெயர்தான். ஒருநாள் சாப்பிடும்போது எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். தட்டிலிருந்து தலை நிமிராமல் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். அவர் வேண்டாம் என்றார், நீங்கள் வேண்டாம் என்று எழுதினீர்கள், அம்மா, இதில் உங்கள் பிழை எங்கே? இந்த நாட்டில் வளர்ந்த பிள்ளை. அவளோடு வாதாடவில்லை. பின்னேரம் திணைக்களத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான் ஒருதரம்தான் கேட்டேன், அவளுக்கு இடம் தேவை என்று தெரிந்தும் திரும்பக் கேட்கவில்லை என்று எழுதினேன். எழுதி, மடித்து, கைப்பைக்குள் வைத்தேன். அனுப்பவில்லை. வேலை போய்விடும் என்ற பயம், வேறொன்றும் இல்லை. எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது, வீட்டுக் கடன் முடியவில்லை.

பள்ளிக்கூடம் திறந்து இரண்டாம் கிழமை, துணை அதிபர் முகம் மலர்ந்து வந்தார். திணைக்களத்தார் அந்தக் கோப்பை மூடிவிட்டார்களாம். பிள்ளைகள் தாயோடுதான், எச்சரிக்கை மட்டும்தான். மாதாவே என்று வாய்விட்டே சொன்னேன். அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் ஒரு பிழையும் இல்லை என்று வந்திருக்கிறது. அந்தத் தாயே சொல்லியிருக்கிறாளாம், அலுவலகத்து அம்மா நல்லவர், வரச்சொல்லிப் பல தரம் கேட்டார், நான்தான் பிடிவாதமாக மறுத்தேன் என்று. அதையும் அப்படியே பதிந்திருக்கிறார்கள்.

அன்று பின்னேரம் கார் தரிப்பிடத்தில் அவளைப் பிடித்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. பிள்ளைகள் பின் ஆசனத்தில் இருந்தார்கள்.

"பல தரம் கேட்டனான் எண்டு ஏன் சொன்னனீர்?"

"உங்கட வேலைக்கு ஏதும் வந்திடும் எண்டு பயந்திட்டன் அன்ரி. எங்கட ஆக்களுக்கு அங்க நீங்க ஒராள்தானே."

கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்தேன். ஈரம் படாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு சொன்னேன். "இதை அனுப்பப்போறன். உண்மையை எழுதியிருக்கிறன். உமக்கு மேல அப்பிடி ஒரு பழி இருக்கக்கூடாது."

என் கையைக் கடிதத்தோடு சேர்த்துப் பிடித்தாள்.

"ஐயோ அன்ரி, வேண்டாம். நீங்க இப்ப அப்பிடி எழுதினா நான் அவையளுக்குப் பொய் சொன்னதெண்டெல்லோ வரும். பொய் சொன்னவள் எண்டு வந்தா வீசாக்காரர் என்ன நினைப்பினம்? திரும்பவும் வீட்டை வந்து பிள்ளையளைத் தனிய வைச்சுக் கேப்பினம். உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், இது ஒண்டை மட்டும் எனக்குச் செய்து தாங்கோ. வாயைத் திறக்காதேங்கோ."

நாலு வருடப் பழக்கத்தில் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட உதவி அது ஒன்றுதான். செய்து கொடுத்தேன்.